பெயரும் பங்கும்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், இன்னிஸ்பெயில் நகருக்கு மேற்கே, மழைக்காட்டின் நடுவே ஓர் உயர்நடைபாதை உளது. அக்காடு மாமு என்னும் பூர்வகுடி மக்களின் தாயகம். நடைபாதையும் அவர்கள் பெயரையே தாங்கி நிற்கிறது. அண்மையில் அதனைக் கண்டுவரும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. நம் அங்கத்தினர்களுக்கும் அதில் ஒரு பாடம் உண்டெனத் தோன்றியமையால் இதனை எழுதுகிறோம்.

2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் லாரி என்னும் பெரும்புயல் அப்பகுதியைத் தாக்கிற்று. அந்நாட்டு வாழை விளைச்சலின் பெரும்பகுதி அழிந்தது; காட்டு மரங்களும் சாய்ந்தன. அவை சாய்ந்து வெளியான இடங்களைப் பயன்படுத்தியே இந்நடைபாதையை அமைத்து, 2008இல் திறந்தனர். மரக்கிளைகளினூடே 350 மீட்டர் நடக்கலாம். முடிவில் 37 மீட்டர் உயரக் கோபுரம். கீழே வட ஜான்ஸ்டன் ஆறு.

மேலிருந்து நோக்குவோர்க்கு அது அழகு. கீழே வாழ்ந்தவர்க்கோ அதுவே களஞ்சியம். அம்மழைக்காட்டு மக்கள் முட்கொடிப் பிரம்பைக் கீறி, அடியில் இரு கொம்புகள் போல் நீண்ட கூடைகளை முடைந்தனர். நச்சுள்ள விதைகளைப் பக்குவப்படுத்திக் கூடையிலிட்டு, ஓடும் நீரில் வைத்து, நஞ்சு நீங்கியபின் உண்டனர். இழை நெருங்கினால் நீர் ஓடாது. இளகினால் உணவு நில்லாது. இந்நுட்பத்தின் அருமையை நெசவாளர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

இத்தகைய அறிவுக்கு உரியவர்களைப் பெயர்ப்பலகையில் எழுதிவிட்டால் போதுமா? "அரசாங்கப் பணத்தில் பாதை அமைந்தது, காடு எல்லோர்க்கும் பொது, வேறென்ன வேண்டும்?" என்பார் உளர். நாம் அதனை ஒப்பவில்லை. பெயர் சூட்டுவது மரியாதை. நிர்வாகத்தில் இடமும் வருவாயில் பங்கும் பெறுவது உரிமை. முன்னது பின்னதற்கு ஈடாகாது.

இது நடவாத காரியமுமன்று. வடக்கேயுள்ள டெயின்ட்ரீ காட்டினை, 2021இல், கிழக்குக் குக்கு யலஞ்சி மக்களுக்கே மாநில அரசாங்கம் திருப்பி அளித்தது. அதனோடு சேர்ந்த நிலம் 1,60,000 ஹெக்டேருக்கு மேற்பட்டது. அம்மக்களும் அரசாங்கமும் அதனைக் கூட்டாக நிர்வகிக்கின்றனர். பயணிகள் வருகை அதனால் நின்றுவிடவில்லை.

இனி நம் வீட்டை நோக்குவோம். சேலையின் முத்திரையில் நெசவாளர் பெயரும், மூட்டையில் விவசாயிகள் சங்கத்தின் பெயரும் பொறிக்கப்படுகின்றன. ஆயின் மகாசபைக் கூட்டத்தில் எத்தனை பேர் வரவுசெலவைக் கேட்டறிகின்றனர்? தணிக்கைக்குச் செல்லும் நாம், படியாமலே இட்ட கையெழுத்துக்களைப் பல பதிவேடுகளில் கண்டு வருந்தியதுண்டு. பிறர் மறுத்த உரிமைக்குப் போராடலாம். நாமே கைவிட்ட உரிமையை யாரிடம் கேட்பது?

அடுத்த மகாசபைக்கு ஒவ்வோர் அங்கத்தினரும் வருக. கணக்கைக் கேட்டபின் கையெழுத்திடுக.