கடற்கரைக் கோயிலும் மூப்படையும் செல்லும்

மூப்பைப் பற்றித் தமிழில் எழுத அமர்பவர்க்கு மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் கைக்கெட்டும் உவமை. ஆயிரத்து முந்நூறு ஆண்டு உப்புக்காற்று, முகமழிந்த நந்திகள். உடலும் அவ்வாறே தேய்கிறது என்று முடித்துவிடலாம். இவ்வுவமையைக் கைவிட வேண்டும் என்பது எங்கள் கட்சி. கல் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்வதில்லை. செல் நாள்தோறும் பார்த்துக்கொள்கிறது.

மனித செல்லின் சில மைக்ரான் அகல உட்கருவுக்குள் ஏறத்தாழ இரண்டு மீட்டர் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் சுற்றி அடங்கியிருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்குக் குரோமாட்டின் என்று பெயர். சுவடிக்கட்டை நினைத்துக்கொள்ளலாம். எந்த ஏட்டைப் பிரிப்பது, எதைக் கட்டியே வைப்பது என்பதில்தான் தோல் செல்லும் நரம்புச் செல்லும் வேறுபடுகின்றன. வயதேற ஏற எழுத்துப் பிழைகளும் சேர்கின்றன, உண்மைதான். ஆனால் கயிறும் தளர்கிறது, மூடியிருக்க வேண்டியவை திறந்துகொள்கின்றன. சிறுவரை முதியோராக்கும் புரோஜீரியா நோயில் உட்கருவின் உட்சுவரான லாமின் பழுதாகி இத்தளர்ச்சி நேர்கிறது. இயல்பாக மூப்படைந்தோரின் செல்களிலும் அதன் சாயல் உண்டு என்பது 2006இல் தெரியவந்தது. அதே ஆண்டு ஜப்பானின் யாமனாகா, நான்கே மரபணுக்களைக் கொண்டு எலியின் முதிர்ந்த செல்லைக் கருநிலைக்கு ஒப்பான நிலைக்குத் திருப்பினார். அவிழ்ந்த கட்டை மறுபடி கட்டலாம் போலும்.

இதைச் சொன்னதுமே இளமை விற்கும் வணிகர் கடை விரித்துவிடுகிறார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ரைபோசோமுக்காக 2009இல் நோபல் பெற்றதை அறிவோம். 1990களில் ஹிஸ்டோன்களின் அமைப்பையும் ஆராய்ந்தவர் என்பதை அறிந்தோர் குறைவு. 'வை வீ டை' என்ற நூலில் (2024) அவர் இவ்வணிகத்தை ஐயத்தோடுதான் பார்க்கிறார். யேலில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வை முடித்து, ஏறக்குறைய ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் வேலை கிடைக்காதவர் அவர். இத்துறையின் அன்றாட உழைப்பு இன்றும் அத்தகைய தற்காலிக ஆய்வாளர்களின் தோளில்தான்.

2021 மதிப்பீட்டின்படி தமிழகத்தில் அறுபது கடந்தோர் 13.6 விழுக்காடு. இம்மாநிலம் மூப்பின் அடிப்படை ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது ஆடம்பரமன்று. கேள்வியும் இங்கேயே கிடக்கிறது. கோயிலுக்குச் சற்று வடக்கே, வடநெம்மேலி முதலைப் பண்ணையில் பல இன ஆமைகள் வளர்கின்றன. காப்பகங்களில் வாழும் 52 ஆமையினங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு மிக மெதுவாகவே மூப்படைகின்றன, அல்லது மூப்படைவதாகவே தெரியவில்லை என்று 2022இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அவற்றின் கயிறு தளர்வதில்லையா? ஆமையின் சிவப்பணுவில், நம்முடையதில் இல்லாத உட்கரு உண்டு. பார்க்கத் தொடங்கச் சிறிதளவு இரத்தம் போதும். செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. இரண்டு மூன்று இளம் ஆய்வாளர்களுக்கு, ஆண்டுதோறும் புதுப்பிக்கக் கெஞ்சாத ஐந்தாண்டு ஊதியம் கொடுத்தால் தொடங்கிவிடலாம்.