ஸ்டீனோவைச் சாட்சிக்கு அழைக்குமுன்

அறிவியலாளர் ஒருவர் குருவானார் என்று கேள்விப்பட்டால் போதும், நம் மேடைகளில் அச்செய்தி வெற்றிக்கொடியாகிவிடுகிறது. அறிவியல் தோற்றது, விசுவாசம் வென்றது என்று முழங்குகிறோம். எதிரணியினரோ, நல்லதோர் ஆய்வாளரை அங்கி விழுங்கிவிட்டது என்று இரங்குகின்றனர். இரண்டும் பொய்யென்பதற்கு நீல்ஸ் ஸ்டென்சன் என்னும் ஸ்டீனோவின் வாழ்வே சான்று.

1638இல் கோபன்ஹேகனில் லூத்தரன் குடும்பத்தில் பிறந்தவர் அவர். உமிழ்நீர் நாளம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. இதயம் உடற்சூட்டின் ஊற்றெனக் கருதப்பட்ட காலத்தில், அது தசையே என்று காட்டினார். 1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்து, பாறைகளில் கிடைத்த 'நாக்குக் கற்கள்' பண்டைச் சுறாக்களின் பற்களே என்று வாதிட்டார்.

1667இல் பிளாரன்சில் கத்தோலிக்கரானார். அத்துடன் ஆய்வு நின்றதா? பாறை அடுக்குகளில் கீழ் அடுக்கே முந்தையது என்று விளக்கி நிலவியலுக்கு அடித்தளமிட்ட அவருடைய நூல் வெளிவந்தது 1669இல். கத்தோலிக்கராகவே கோபன்ஹேகன் திரும்பி உடற்கூற்றியல் கற்பித்தார். 1675இல்தான் குருவானார், 1677இல் ஆயரானார். மனமாற்றத்திற்கும் குருத்துவத்திற்கும் இடையே எட்டு ஆண்டுகள்!

குருவானபின் ஆய்வை விட்டு இறையியல் எழுதினார் என்பதும், அதற்காகத் தத்துவஞானி லைப்னிட்ஸ் வருந்தினார் என்பதும் உண்மையே. ஆனால் விட்டது வேறு, மறுத்தது வேறு. வட ஜெர்மனியில் சிதறிக் கிடந்த சிறு மந்தையைப் பேண அவர் தம் நாட்களைச் செலவிட்டார். சுறாவின் பல்லையும் இதயத்தின் தசையையும் ஒருநாளும் மறுத்துரைத்தாரல்லர். 1686இல் ஷ்வெரின் நகரில், 48ஆம் வயதில், வறியவராக மறைந்தார்.

அவர் பாறைப் படிவங்களை விவிலியப் பெருவெள்ளத்துடன் இணைத்தாரே என்று சிலர் கேட்பர். ஆம், இணைத்தார். ஆயினும் அவர் கற்பித்த அடுக்குவாசிப்பே பின்வந்தோரை நெடுங்காலக் கணக்கிற்கு இட்டுச் சென்றது. உலகின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் என்று இன்று அறிகிறோம். அந்த அறிவுக்கு எதிராக அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது அநீதி.

1665இல் பாரிசில் மூளையைப்பற்றி உரையாற்ற எழுந்தபோது, தமக்கு அதைப்பற்றி எதுவும் தெரியாது என்ற ஒப்புதலோடு அவர் தொடங்கினார். நம் மறைக்கல்வி வகுப்புகளில் இச்சொல் கேட்கிறதா? ஆதாமுக்கு முன் விலங்குகள் வாழ்ந்தனவா என்று கேட்கும் சிறுவனை, "விசுவாசம் குறைந்தவன்" என்று அமர்த்துகிறோம். அதே வாயால் விழா மேடையில் ஸ்டீனோவைப் புகழ்கிறோம். அச்சிறுவன் நம் முன் மட்டுமே மௌனமாகிறான். கேள்வியை வேறிடம் கொண்டுபோகிறான். சில ஆண்டுகளில் ஆலயத்தையும் விட்டுவிடுகிறான். பின்பு உலகத்தின்மேல் பழிபோடுகிறோம்.

1988இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஸ்டீனோவுக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். கேள்வி கேட்டே வாழ்ந்த ஒருவரைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியிருக்க, கேட்கும் பிள்ளையைப் பின்வரிசைக்குத் துரத்த நமக்கு உரிமை தந்தது யார்? அடுத்த ஞாயிறு அவன் கேட்டால், தெரிந்ததைச் சொல்வோம். தெரியாவிடில், தெரியாது என்று சொல்லி அவனோடு சேர்ந்து தேடுவோம்.