எண்ணெய் தொடாதவருக்கும் இரத்தத்தில் கொழுப்பா?



"இறைச்சி மாதத்துக்கு ஒருதரம். எண்ணெயும் அளவாகத்தான். எனக்கு எப்படியக்கா கொழுப்பு கூடியது?" பெரகலயில் ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். 1977 வன்செயலுக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய், 2009 இன் பின் உறவினரிடம் திரும்பி வந்த குடும்பம் அவருடையது. கை கால் மெலிவு, வயிறு மட்டும் பெரிது.

இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் தவிர ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பும் உண்டு. தேவைக்கு மேல் உண்ணும் சோறு, கோதுமை மா ரொட்டி, பாண், சீனி ஆகியவற்றை ஈரல் இந்தக் கொழுப்பாக மாற்றுகிறது. நாள் முழுதும் மலையேறிக் கொழுந்து பறித்த காலத்தில் உண்ட ரொட்டி உழைப்பில் எரிந்தது. வேலை நின்ற பின்பும், தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்த பின்பும் ரொட்டி குறையவில்லை, நடைதான் குறைந்தது.

பிளேன்டீயைப் பாருங்கள். கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் ஏறக்குறைய 60 கிராம். 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

போரின் பங்கும் உண்டு. நீண்ட கவலையும் தூக்கமின்மையும் வயிற்றுக் கொழுப்பைக் கூட்டக்கூடியவை. நெதர்லாந்தில் 1944-45 போர்க்காலப் பஞ்சத்தில் கருவிலிருந்த பிள்ளைகள் பலருக்கு, நடுவயதில் இரத்தச் சீனிக் கோளாறு அதிகம் காணப்பட்டது. பட்டினியோடு பிள்ளை சுமந்த தாய்மாரே, அது உங்கள் குற்றமல்ல. பிள்ளைகள் வளர்ந்ததும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

பெண்கள் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் ஐந்து:

1. இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல்.
2. ட்ரைகிளிசரைட் 150 அல்லது அதற்கு மேல்.
3. நல்ல கொலஸ்ட்ரோல் 50 க்குக் கீழ்.
4. இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல்.
5. வெறும் வயிற்றில் சீனி 100 அல்லது அதற்கு மேல்.

இவற்றில் மூன்று இருந்தால் நீரிழிவும் மாரடைப்பும் நெருங்கி வர வாய்ப்பு அதிகம். மெலிந்த உடம்பு என்று அலட்சியம் வேண்டாம்.

செலவில்லாத மாற்றங்களும் உண்டு. சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். மூன்று ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பும் வல்லாரைச் சம்பலும் முருங்கைக் கீரையும் வையுங்கள். பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்சாதீர்கள். நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடவுங்கள். மருந்து தந்திருந்தால் தாமாக நிறுத்தாதீர்கள்.

2011 முதல் அரச வைத்தியசாலைகளில் சுகவாழ்வு நிலையங்கள் இயங்குகின்றன. 35 வயதைக் கடந்தவர்களுக்கு அங்கே இரத்த அழுத்தமும் சீனியும் இலவசமாகப் பார்க்கப்படும். கொழுப்புப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். அந்தச் சகோதரியிடம், "பிள்ளைகளுக்கு இனி நீங்கள் ஒருவர்தானே, இந்த மாதமே போங்கள்" என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.