சிரிப்பு தீர்ந்தது, வேலையின்மை தீரவில்லை

கேரள மக்கள் மறக்காத நகைச்சுவைப் பட வரிசை ஒன்று, 2014 ஜனவரியில் களையிழந்து முடிந்தது. "மான்னார் மத்தாயி ஸ்பீக்கிங் 2' என்ற அந்த மூன்றாவது படத்தின் தோல்வி, திரையுலகினர் மட்டும் ஆராய வேண்டிய விஷயமல்ல.

வரிசையின் முதல் படம் "ராம்ஜிராவ் ஸ்பீக்கிங்' 1989-இல் வெளிவந்தது. தந்தை இறந்ததால் தனக்குச் சேர வேண்டிய வேலைக்காகப் போராடும் பாலகிருஷ்ணன். வேலையில் இருப்பதாகத் தாயை நம்பவைத்திருக்கும் கோபாலகிருஷ்ணன். நலிந்த நாடகக் குழுவின் உரிமையாளர் மத்தாயி. இம்மூவருக்கும், தொலைபேசிக் கையேட்டில் எண்கள் இடம் மாறியதால், ஆள் கடத்தல்காரனின் அழைப்பு வருகிறது. வறுமை முற்றியதால் இடைத்தரகர்களாக நின்று பணம் பார்க்கத் துணிகிறார்கள். சாய்குமார், முகேஷ், இன்னசென்ட் மூவரும் வரவழைத்த சிரிப்புக்கு அடியில் இருந்தது வேலையின்மையின் அவமானம். அதனால்தான் அக்கதை தமிழில் "அரங்கேற்ற வேளை' (1990) ஆகவும், ஹிந்தியில் "ஹேரா பேரி' (2000) ஆகவும் செல்லுபடியானது.

அதை எழுதி இயக்கிய சித்திக் - லால் இருவரும் கொச்சிக்காரர்கள். வேலைக்காக மனிதன் தாழ்த்தப்படுவது அந்த நகரம் அறியாததல்ல. மட்டாஞ்சேரியில் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் கூட்டத்தின் நடுவே "சாப்பா' எனும் வில்லைகளை வீசுவார்கள், முண்டியடித்துப் பிடித்தவருக்கே துறைமுகத்தில் அன்றைய கூலி வேலை. இந்த முறைக்கு எதிராகத் திரண்ட தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது; உயிர்கள் பலியாயின.

மமாஸ் இயக்கிய மூன்றாவது படத்தில் அதே மூவர் இருந்தனர். அந்தத் தவிப்பு இல்லை. பழைய பாத்திரங்களை நினைவூட்டினாலே சிரிப்பு வந்துவிடும் என்று நம்பினார்கள். வரவில்லை. துன்பத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் கூச்சல்தான்.

இதில் அரசியலுக்கும் பாடம் உண்டு. படம் வெளியான அதே ஆண்டு மே மாதம், இடதுசாரி ஆதரவுடன் சாலக்குடியில் வென்று இன்னசென்ட் மக்களவைக்கு வந்தார். முகேஷ் 2016, 2021 தேர்தல்களில் கொல்லத்தில் வென்றார். 1995-இல் வந்த இரண்டாம் படத்தின் இயக்குநராகப் பெயர் பெற்ற மாணி சி. காப்பன் 2019-இல் பாலா இடைத்தேர்தலில் வென்றார்.

கலைஞர்கள் அரசியலுக்கு வருவதில் தவறில்லை. ஆனால், அவர்களின் புகழை வாக்காக மாற்றிய கட்சிகள், அப்புகழுக்கு ஆதாரமான வேலையின்மையை எவ்வளவு குறைத்தன? மத்திய அரசின் தொழிலாளர் ஆய்வின்படி, 2023-24-இல் கேரளத்தில் 15 முதல் 29 வயதினரிடையே வேலையின்மை 29.9 சதவீதம், நாட்டின் சராசரி 10.2 சதவீதம்.

இன்னசென்டும் சித்திக்கும் 2023-இல் மறைந்துவிட்டனர். பாலகிருஷ்ணனைப் போன்ற இளைஞர்களோ, அலுவலக வாசல்களில் இன்னமும் காத்திருக்கிறார்கள். பழைய முகங்களைக் காட்டித் திரையரங்கை நிரப்ப முடியவில்லை. வாக்குச்சாவடியில் மட்டும் அந்த உத்தி எத்தனை காலம் பலிக்கும்?