வாயில்லாத ஹீரோ யாருடைய ஹீரோ?

“ஹீரோ வாயைத் திறக்கக்கூடாது. அவன் பேசாமல் இருந்தால்தான் விளையாடுகிறவன் ஹீரோவாக மாற முடியும்.”

கேம் டிசைன் படிக்கிற மாணவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிடத்துக்குள் இந்த வசனம் வந்து விழும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஹீரோ ஒரு காலிப் பாத்திரம், ஆடுகிறவன் அதில் தன்னையே ஊற்றிக்கொள்கிறான், ஆகவே அவன் உலகத்தில் எல்லோருக்கும் பொதுவானவன்.. இப்படிப் போகும் வாதம். எல்லோருக்கும் என்றால் அஞ்செட்டிக்காரனுக்கும் சேர்த்தா? அங்கேதான் இடிக்கிறது.

எதிர்த்தரப்புக்கு முதலில் நியாயம் செய்துவிடலாம். 1986-ல் நின்டெண்டோ ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’வை வெளியிட்டபோது நாயகனுக்கு லிங்க் என்று பெயர் வைத்தார்கள். ஆடுகிறவனையும் அந்த உலகத்தையும் இணைக்கிறவன் என்று பொருள். 1998-ல் வால்வ் நிறுவனத்தின் ‘ஹாஃப்-லைஃப்’ வந்தது. அதில் கார்டன் ஃப்ரீமேன் முதலிலிருந்து கடைசி வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. கேமரா அவன் கண்ணை விட்டு வெளியே போவதும் இல்லை. ரயிலில் ஏறி ஆய்வுக்கூடத்துக்குள் போகும் அந்த முதல் சில நிமிடங்களை ஆடியவர்கள் லேசில் மறக்கமாட்டார்கள். 2007-ல் ‘போர்ட்டல்’. அதன் நாயகி செல்லும் பேசமாட்டாள். பேசாத ஹீரோக்களை வைத்து அருமையான கேம்கள் வந்திருக்கின்றன. இதில் சண்டையே இல்லை.

சண்டை, ‘பேசாதவன் எல்லோருக்கும் சொந்தம்’ என்று அடிக்கிற ஜல்லியோடுதான்.

கார்டன் ஃப்ரீமேன் காலிப் பாத்திரமா? அட்டைப்படத்தைப் பாருங்கள். மூக்குக்கண்ணாடி, குறுந்தாடி, வெள்ளைத் தோல். வயது 27. எம்.ஐ.டி.யில் கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம். நியூ மெக்சிகோவில் ரகசிய ஆய்வுக்கூடத்தில் வேலை. பெயர், படிப்பு, உத்தியோகம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வாயை மட்டும் தைத்து வைத்திருக்கிறார்கள். சுற்றியிருக்கிற அத்தனை பேரும் அவனிடம் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். அவனுக்கு அத்தனையும் புரிகிறது. வாயைத் திறக்காமலே அவன் யார், எந்த ஊர், எந்த பாஷை என்று ஊருக்கே தெரியும். அவ்வளவு தூரம் அது அவனுடைய உலகம். சொல்லாமலே தெரிகிறவனுக்குத்தான் மௌனம் கட்டுப்படியாகும்.

இப்போது அஞ்செட்டிக்கு வருவோம். தெரியாதவர்களுக்கு: கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒகேனக்கல் போகும் மலைப்பாதையில் இருக்கிற ஊர். சுற்றிலும் காடு, காட்டில் யானை, காட்டைத் தாண்டினால் கர்நாடகா. பக்கத்தில் ஓடுகிற ஆற்றின் பெயர் தொட்டல்லா. ‘தொட்ட ஹள்ளா’ என்றால் கன்னடத்தில் பெரிய ஓடை. தமிழ்நாட்டு ஆறு, கன்னடப் பெயர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்குகிற பகுதி இது. ஓசூர் சிப்காட், அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வேலை தேடிப் போகிறவர்கள் ஒருபக்கம். அதையும் தாண்டி பெங்களூர் போகிறவர்கள் இன்னொரு பக்கம்.

இந்தப் பக்கத்தில் ஒருவன் எந்த மொழியில் வாயைத் திறக்கிறான் என்பதுதான் அவனைப் பற்றிய முதல் தகவல். வீட்டில் ஒன்று, சந்தையில் ஒன்று, பெங்களூர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இன்னொன்று. எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து அரை நொடியில் மொழி மாறும். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் பேசாமல் நின்றால் ‘ஆஹா, எல்லோருக்கும் பொதுவானவன்’ என்று யாரும் நினைப்பதில்லை. ‘பாவம், வெளியூர்க்காரன், பாஷை தெரியல போல’ என்றுதான் நினைப்பார்கள். ஓசூர் தொழிற்சாலை வேலைக்கு வடக்கே எங்கிருந்தோ வந்து, முதல் வாரம் கேன்டீன் வரிசையில் வாய் திறக்காமல் நிற்கிற பையனைக் கேட்டுப் பாருங்கள், மௌனம் சுதந்திரமா என்று. பேச முடியாதவனின் நிலைமைக்கு ‘நீதான் ஹீரோ’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள், அவ்வளவுதான்.

2000-களின் பிரௌசிங் சென்டர்களை நினைவிருக்கிறதா? ஒருவன் ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’ ஆட, பின்னால் நான்கு பேர் நின்றுகொண்டு “லெஃப்ட்ல போடா, போலீஸ் வருது” என்று யோசனை சொல்வார்கள். இந்த வாதத்துக்கு ஒரு நல்ல பரிசோதனை அங்கேயே நடந்து முடிந்துவிட்டது. 2001-ல் வந்த ‘ஜிடிஏ 3’-ன் நாயகன் பேசமாட்டான். 2002-ல் வைஸ் சிட்டியின் டாமி வெர்செட்டி, ஹாலிவுட் நடிகர் ரே லியோட்டாவின் குரலில் பேசினான். 2004-ல் ‘சான் ஆண்ட்ரியாஸ்’, சிஜே. அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம் இன்றைக்குக் கேளுங்கள். டாமி பெயர் வரும், சிஜே பெயர் வரும். மூன்றாவது ஆள் பெயர்? “அந்த கறுப்பு ஜாக்கெட் போட்டவன்” என்பார்கள். (அவன் பெயர் க்ளாட். அந்த கேமுக்குள் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை!)

அந்தப் பையன்களில் எத்தனை பேருக்கு சிஜே பேசிய ஆங்கிலம் புரிந்திருக்கும்? பாதிகூடப் புரிந்திருக்காது. ஆனால் ஐந்து வருஷம் கழித்து அம்மா சாவுக்கு ஊர் திரும்பிய மகன் என்பது புரிந்தது. குரல் உடைகிற இடம் புரிந்தது. எல்லையோரத்தில் வளர்கிறவனுக்கு இது புதிதும் இல்லை. பாஷை அரைகுறையாகத் தெரிந்தாலும் பக்கத்து மாநிலப் படத்தை உட்கார்ந்து பார்த்து அழுதுவிட்டு வருகிறவன் அவன். தெரியாத மொழியில் இருந்தாலும் குரல் கொஞ்சம் தூரம் வந்து சேரும். பேசவே பேசாத ஹீரோவிடமிருந்து வந்து சேர என்ன இருக்கிறது?

சரி, மறுப்புகளுக்கு வருவோம்.

மறுப்பு ஒன்று: குரல் கொடுத்தால் செலவு, சுதந்திரமும் போய்விடும். இதற்கு எல்லோரும் காட்டுகிற உதாரணம் ‘ஃபால்அவுட்’. 2008-ல் வந்த மூன்றாம் பாகத்தில் நாயகனுக்குக் குரல் கிடையாது, பதில்களைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். 2015-ல் நான்காம் பாகத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தலா 13,000 வரிகளுக்கு மேல் குரல் பதிவு செய்தார்கள். விளைவு, எந்தப் பேச்சிலும் நான்கே பதில்கள், அதிலும் இரண்டு ஒரே மாதிரி. ரசிகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதே பெத்தெஸ்டா 2023-ல் ‘ஸ்டார்ஃபீல்ட்’ வெளியிட்டபோது நாயகனின் குரலை எடுத்துவிட்டது.

நியாயமான மறுப்புதான். ஆனால் அந்த மூன்றாம் பாகத்து நாயகன் நிஜமாகவே பேசாதவனா? எழுத்தில் பேசுகிறான். பட்டியல் பட்டியலாக, ஆங்கிலத்தில். அத்தனையையும் வாசித்துப் புரிந்துகொள்கிறவனுக்குத்தான் அந்த சுதந்திரம். தமிழ்வழியில் படித்த பையனுக்கு அது பரீட்சைத்தாள் மாதிரிதான் தெரியும். எல்லோருக்கும் பொதுவான ஹீரோவுக்கு நுழைவுத்தேர்வு எதற்கு?

மறுப்பு இரண்டு: இன்றைக்குப் பையன்கள் செல்போனில் ஆடுகிற பிஜிஎம்ஐ-யில் எந்தக் கதாபாத்திரம் பேசுகிறது? யாராவது குறைப்பட்டார்களா? குறைப்படவில்லை. ஏனென்றால் அங்கே மைக்கில் ஆடுகிறவர்களே பேசிக்கொள்கிறார்கள். தமிழும் கன்னடமும் கலந்து கத்துகிறார்கள். திரையில் ஓடுகிற ஆள் கிரிக்கெட் மட்டை மாதிரி. மட்டைக்கு வாழ்க்கை வரலாறு தேவையில்லை. கதை சொல்ல வருகிற கேமுக்குத் தேவை.

மறுப்பு மூன்று, இருப்பதிலேயே வலுவானது: மௌனமும் ஒரு நடிப்புதானே? ஆமாம். அதற்கு உலகத்தைச் சுற்றவேண்டாம், பக்கத்து பெங்களூரிலேயே சாட்சி இருக்கிறது. 1987-ல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ‘பேசும் படம்’. கன்னடத்தில் ‘புஷ்பக விமானா’. படம் முழுக்க ஒரு வசனம் கிடையாது, நாயகனுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஆனால் அவன் யாரென்று ஒவ்வொரு அங்குலமும் தெரியும். வேலை தேடி வரிசையில் நிற்கிறவன். சினிமா கொட்டகைக்குப் பக்கத்து அறையில் அந்த இரைச்சலிலேயே தூங்கிப் பழகியவன். சொகுசு ஹோட்டலுக்குப் போனபின் தூக்கம் வராமல், அந்த இரைச்சலை டேப்பில் பதிந்துவந்து போட்டுக்கொண்டு தூங்குகிறவன். வாயைத் திறக்காத ஒருவனுக்கு இதைவிட முழுசாக ஒரு வாழ்க்கையை எப்படிக் கொடுப்பது? அவனைப் பார்த்த யாரும் ‘இது காலிப் பாத்திரம்’ என்று சொல்லவில்லை.

லிங்க்கூட கடைசியில் அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். 2017-ல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’டில் இளவரசி செல்டாவின் நாட்குறிப்பு ஒன்று இருக்கிறது. எல்லோர் கண்ணும் தன்மேல் இருக்கிறது என்ற சுமையால்தான் அவன் பேசுவதில்லை என்று அதில் தெரியவரும். முப்பத்தோரு வருஷம் கழித்து அவன் மௌனத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது! காரணம் கிடைத்ததும் அது அவனுடைய மௌனம் ஆகிவிட்டது, ஆடுகிறவனுடையது என்று இனி சொல்லமுடியாது. காரணம் உள்ள மௌனத்துக்கு எத்தனை கும்பிடு வேண்டுமானாலும் போடலாம். ‘யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்’ என்று கைகழுவுகிற சோம்பேறி மௌனத்துக்கு எதற்குப் போடவேண்டும்?

“பேசும் ஹீரோ வேறு ஒருவன் ஆகிவிடுவானே, மற்றவர்கள் எப்படி ஒட்டுவார்கள்?” என்கிறவர்களுக்கு ‘வெண்பா’வே பதில். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1988-ல் கதை தொடங்குகிறது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப்பெண், கணவர் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டில் எழுத்து அழிந்திருக்கிறது, விட்டுப்போனதைக் கண்டுபிடித்து இட்லி செய்யவேண்டும். இதைவிட ‘குறிப்பிட்ட ஒருத்தி’ இருக்க முடியாது. ஆனாலும் 2024-ல் ஐஜிஎஃப் பெரும்பரிசும் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதும் அதற்குத்தான். இட்லித் தட்டில் எதற்கு ஓட்டை என்று தெரியாதவர்கள் அந்தத் தாயோடு ஒட்டிக்கொண்டார்கள். இன்னொன்று, ‘வெண்பா’வில் குரல் பதிவே கிடையாது. பேச்சுக் குமிழிகளிலேயே அவள் பேசுகிறாள், பதறுகிறாள், மகனிடம் தோற்கிறாள். ஆகவே 13,000 வரி பதிவுசெய்யக் காசில்லை என்கிற சாக்கும் காலி.

இதெல்லாம் வெட்டிப் பேச்சு என்று தோன்றினால் ஒரு விஷயம். 1997-ல் துருவா இன்டராக்டிவ் பெங்களூரில் தொடங்கியது. வெளிநாட்டு கேம்களுக்கு வண்டியும் கட்டடமும் வரைந்து கொடுத்தே பேர் வாங்கியது. 2019-ல் ஜிடிஏ-வின் ராக்ஸ்டார் அதை வாங்கிக்கொண்டது. அடுத்தவன் ஹீரோ நடக்கிற தெருவை வரைந்துகொடுக்கிற ஊராகத்தான் பெங்களூர் பல காலம் இருந்தது. 2017-ல் கலிபோர்னியாவின் நாட்டி டாக் ‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி’யில் மேற்குத்தொடர்ச்சி மலையையும் ஹொய்சாளர்களையும் எடுத்துக் கதை செய்தது. நாயகி க்ளோயி, இந்திய அப்பா தேடிப்போன பொருளைத் தேடி வருகிற மகள். நிறுத்தாமல் பேசுவாள். நன்றாகவே செய்தார்கள். ஆனால் ஹொய்சாள மன்னன் வீர ராமநாதனின் தலைநகராக இருந்த குந்தாணி, ஓசூர் பக்கத்தில்தான் இருக்கிறது! இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது யூனிட்டியும் அன்ரியலும் கற்றுக்கொண்டு சொந்தக் கதை செய்யக் கிளம்பும்போது, ‘உலகச் சந்தைக்கு ஹீரோவைப் பேசாதவனாக வை’ என்று உபதேசம் செய்தால் அதற்கு என்ன அர்த்தம்? தெருவை வரைந்தாயே, போதும், வாயை மூடு என்றுதானே?

ஒரு கேமை யோசித்துப் பாருங்கள். அஞ்செட்டிப் பையன் ஒருவன் ராத்திரி கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு தேன்கனிக்கோட்டையில் நிற்கிறான். போகவேண்டியது காட்டுப்பாதை, யானை இறங்குகிற நேரம். ஒரு லாரி வந்து நிற்கிறது. கர்நாடகா பதிவெண், கண்ணாடியில் தெலுங்குப்பட ஹீரோ ஸ்டிக்கர். டிரைவர் எட்டிப் பார்க்கிறார். பையன் “அண்ணா..” என்கிறான். அந்த ஒரு சொல் மூன்று மொழிக்கும் செல்லும். அடுத்த சொல்லை எந்த மொழியில் சொல்வது? அதில் இருக்கிறது அவன் வீடு போய்ச்சேர்வதும் சேராததும்.

அந்த அடுத்த சொல்லை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் ‘எல்லோருக்கும் பொதுவான’ ஹீரோவைச் செய்கிறார்கள்.

டிஸ்கி: ஹாஃப்-லைஃப் ரசிகர்கள் யாரும் கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவேண்டாம். கார்டன் ஃப்ரீமேன் நல்லவர்தான். அவரே வந்து சொன்னால் இதில் திருத்தம் செய்யப்படும் :-)