கதையின் முடிவை மாற்றலாமா?

கதாசிரியர் ஒரு முடிவு வைக்கிறார். அது ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. "மாற்று!" என்று கூச்சல் போடுகிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

2012-ம் ஆண்டில் இந்தக் கேள்வி வீடியோ விளையாட்டு உலகில் பெரும் புயலைக் கிளப்பியது.

என்ன விளையாட்டு?

கனடா நாட்டில் எட்மன்டன் என்று ஒரு நகரம். அங்குள்ள "பயோவேர்" கம்பெனி, "மாஸ் எபெக்ட்" என்ற விளையாட்டைத் தயாரித்தது. முதல் பாகம் 2007-ல் வந்தது. மூன்றாம் பாகம் 2012 மார்ச்சு மாதம் வந்தது.

ஷெப்பர்டு என்ற தளபதிதான் கதையின் உயிர். உலகங்களை அழிக்க வரும் ராட்சத இயந்திரங்களை அவர் எதிர்த்துப் போராட வேண்டும். யாரைக் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது என்று ஆடுகிறவரே முடிவு செய்யலாம். முதல் பாகத்தில் செய்ததன் பலன் மூன்றாம் பாகம் வரை தொடரும்.

கடைசியில் 3 வழிகள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சி. வெளிச்சத்தின் நிறம் மட்டும் வேறு: சிவப்பு, நீலம், பச்சை! கூட வந்த தோழர்களின் கதி என்ன? அதுவும் தெளிவாக இல்லை.

இனிப்பான எதிர்ப்பு

ரசிகர்கள் கொதித்தார்கள். சிலர் 400 சிறு கேக்குகளைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். நிறம் மூன்று, ருசி ஒன்று! வேறு சிலர் நோயாளிக் குழந்தைகளுக்கு உதவும் தர்ம நிதிக்கு 80 ஆயிரம் டாலருக்கு மேல் திரட்டி, தங்கள் குறையைத் தெரிவித்தார்கள்.

கம்பெனி யோசித்தது. ஜூன் மாதம் கூடுதல் காட்சிகளை இலவசமாக வெளியிட்டது. 3 வழிகளும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின் பலனும் விளக்கப்பட்டது. மூன்றையும் மறுக்கும் நான்காவது வழியும் சேர்ந்தது. அதில் கிடைப்பது தோல்விதான்!

பழைய கதை

இது புதிதல்ல. 1893-ல் கோனன் டாயில், துப்பறியும் ஷெர்லக் ஓம்சைச் சாகடித்தார். வாசகர்கள் குமுறினார்கள். 1903-ல் ஓம்ஸ் திரும்பி வந்தார். பழைய கதையை டாயில் அழிக்கவில்லை. "ஓம்ஸ் அருவியில் விழவே இல்லை" என்று புதுக் கதை எழுதினார்.

எது நியாயம்?

"நீ செய்வதற்குப் பலன் உண்டு" என்று சொல்லி ஒரு பொருளை விற்றால், அந்தப் பலனைக் காட்ட வேண்டும். காசு கொடுத்தவர் அதைக் கேட்பது நியாயம்.

"சோகமான முடிவு வேண்டாம்" என்பது வேறு. அது ருசியைப் பொறுத்தது. கூச்சலுக்குப் பயந்து மாற்றினால், நாளை எந்த ஆசிரியரும் துணிந்து எழுத மாட்டார். அந்த முடிவை விரும்பியவர்களும் இருப்பார்கள். அவர்கள் கூச்சல் போடுவதில்லை. அதனால் கணக்கில் வருவதில்லை.

குறை இருந்தால் நிரப்பலாம். முடிவு ஆசிரியருடையது. பிடிக்காதவர் குறை சொல்லலாம். அடுத்த பாகத்தை வாங்காமலும் இருக்கலாம். அந்த உரிமை போதாதா?