மாறிய நேரமும் மலையேறிய குழந்தைகளும்

மலைவாசத்தலங்களில் காட்டேஜ் எடுத்துத் தங்கும் குடும்பங்கள் சில ஆண்டுகளாக ஒரு விநோதத்தைச் சந்தித்து வருகின்றன. முன்பதிவு செய்யும்போது ஒரு நேரம் சொல்லப்படுகிறது. பணம் வாங்கப்படுகிறது. பயணத்துக்கு நாலைந்து நாட்கள் இருக்கையில் அந்த நேரம் மாறிவிட்டதாக ஒரு குறுஞ்செய்தி வருகிறது. இதை அற்பமான விஷயம் என்று ஒதுக்குவோர் உண்டு. கைக்குழந்தையோடு மலையேறிய எவரும் அப்படி ஒதுக்கமாட்டார்கள் என்பதே நமது கட்சி.

எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறோம். கொடைக்கானலில் இரண்டு இரவுகளுக்கு ஒரு காட்டேஜ். இரவு ஒன்றுக்கு 6,500 ரூபாய். பகல் 12 மணிக்கு உள்ளே வரலாம், மூன்றாம் நாள் 12 மணிக்குக் கிளம்பவேண்டும் என்பது பேச்சு. இதை நம்பித்தான் சென்னையிலிருந்து இரவு ரயிலுக்குச் சீட்டு எடுத்தோம். விடியுமுன் கொடைரோடு, அங்கிருந்து வேனில் வத்தலக்குண்டு வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் மலைப்பாதை. எங்களுடன் ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரு பிள்ளைகள், தங்கையின் ஒன்பது மாதக் குழந்தை, முழங்கால் வலியுள்ள அம்மா. புறப்படுவதற்கு நான்கு நாட்கள் முன்பு செய்தி வந்தது: இனி உள்ளே வரும் நேரம் பிற்பகல் 3 மணி, வெளியேறும் நேரம் காலை 10 மணி. வாடகையில் மாற்றமில்லை.

ரயில் சீட்டை மாற்ற இயலவில்லை. கோடை விடுமுறையில் நான்கு நாட்களில் வேறு ரயிலில் இடம் கிடைக்கும் என்று எந்தத் தமிழனும் எதிர்பார்ப்பதில்லை. வழியில் இளைப்பாறிச் செல்லலாம் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு கிளம்பினோம். வளைவுகளில் மூன்று வயதுக்காரி இருமுறை வாந்தி எடுத்தாள். வெள்ளி அருவியருகே நிறுத்தி முகம் கழுவிவிட்டோம். காட்டேஜ் வாசலை அடைந்தபோது மணி பத்து. மழைத் தூறல்.

"ரூம் ரெடியாகலைங்க சார், மூணு மணிக்குத்தான்" என்றார் மேலாளர். "குழந்தைக்குக் கொஞ்சம் வெந்நீராவது கிடைக்குமா தம்பி?" என்று அம்மா கேட்டார்கள். "கிச்சன் பன்னெண்டு மணிக்குத்தாங்கம்மா திறப்பாங்க." அவர் முரட்டு மனிதர் அல்லர். குரலில் சங்கடம் இருந்தது. ஆனால் அவருக்கு மேலே இருந்த யாரோ ஒருவர் வகுத்த நேரத்தை மீற அவருக்கு அதிகாரமில்லை. ஐந்து மணி நேரம் வேனில் இருந்தோம். தங்கை வேனின் கண்ணாடியில் சேலையைத் தொங்கவிட்டுக்கொண்டு பாலூட்டினாள். குழந்தை வழக்கமாக உறங்கும் நடுப்பகல் உறக்கம் போயிற்று. அன்றிரவு முழுதும் அது அழுதது.

இனிக் கணக்குக்கு வருவோம். 12 மணியிலிருந்து 12 மணி என்றால் இரண்டு இரவுகளுக்கு 48 மணி நேரம். 3 மணியிலிருந்து 10 மணி என்றால் 43 மணி நேரம். கொடுத்த 13,000 ரூபாயில் ஏறக்குறைய 1,350 ரூபாய்க்கான நேரம் எங்களைக் கேளாமலே எடுத்துக்கொள்ளப்பட்டது. மளிகைக் கடைக்காரர் ஒரு கிலோ பருப்புக்குக் காசு வாங்கிக்கொண்டு தொள்ளாயிரம் கிராம் நிறுத்துக் கொடுத்தால் நாம் சண்டைக்குப் போகிறோம். நேரத்தில் எடை குறைந்தால் மட்டும் "நிர்வாக விதி" என்று ஏற்றுக்கொள்கிறோம். நமது ஊர்களின் சாதாரண லாட்ஜுகள் பல, நாம் எந்நேரம் நுழைந்தாலும் அதிலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கிடுகின்றன. விடியற்காலைப் பேருந்தில் வந்திறங்குபவனின் நிலைமை அந்த லாட்ஜ்காரருக்குத் தெரிந்திருக்கிறது. பல மடங்கு வாடகை வாங்கும் காட்டேஜுக்குத் தெரியவில்லை.

எதிர்த்தரப்பின் நியாயங்களையும் பார்க்கவேண்டும். முதலாவது, சுத்தம். கொரோனாக் காலத்தில், 2020 ஜூனில் விடுதிகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, ஒவ்வொரு விருந்தினரும் வெளியேறிய பிறகு அறையைக் கிருமிநீக்கம் செய்யவேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்குக் கூடுதல் நேரம் வேண்டியிருந்தது; யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அவசரம் கடந்த பிறகும் அதற்கென எடுத்துக்கொண்ட நேரத்தைத் திருப்பித் தராமல், மேலும் நீட்டிக்கொண்டு போவதற்கு எந்த நோய் காரணம்?

இரண்டாவது, வேலையாட்கள் பற்றாக்குறை. இது உண்மை, நாம் அலட்சியப்படுத்தக்கூடாத உண்மை. நான்கு காட்டேஜுகளை ஒரே பெண்மணி பெருக்கித் துடைத்து, விரிப்பு மாற்றி, கழிவறை கழுவுகிறார். "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவரை விரட்டி நமக்கு அறை வாங்கிக்கொள்வது நமது நோக்கமன்று. ஆனால் கூடுதலாக ஓர் ஆளை நியமித்துக் கூலி கொடுப்பதற்குப் பதிலாக, அந்தச் செலவை விருந்தினரின் நேரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்களே, அது எப்படி நியாயமாகும்? மிச்சமாகும் பணம் அந்தப் பெண்மணியின் கைக்கும் போவதில்லை.

மூன்றாவது, "விருப்பமில்லையென்றால் ரத்து செய்துகொள்ளுங்கள்" என்பது. ரயில் சீட்டு எடுத்தாயிற்று, விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. 2024 மே முதல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. மலையின் நலனுக்காக இதை வரவேற்கிறோம். ஆனால் பயணி தன் பயணத்தை நாள் குறித்து, வாகன எண் குறித்து, முன்கூட்டியே பதிந்து கட்டுப்படவேண்டிய காலத்தில், அறை கொடுப்பவர் மட்டும் எதற்கும் கட்டுப்படாமல் இருப்பது எவ்வகை ஒப்பந்தம்? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற கருத்தை ஏற்றிருக்கிறது. நுகர்வோரைப் பாதகமான நிலையில் நிறுத்தும் முறையற்ற நிபந்தனைகள் அதன் வரையறைக்குள் வருகின்றன. "நேரங்கள் முன்னறிவிப்பின்றி மாறுதலுக்குட்பட்டவை" என்ற பொடி எழுத்து வரியை அந்த வெளிச்சத்தில் ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும்.

இலக்கியம் பேசும் இடத்தில் காட்டேஜ் வாடகை எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். விருந்தோம்பலுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியதை மேடைதோறும் சொல்லிப் பூரிக்கிறோமே, அந்தப் பூரிப்புக்கு நடைமுறையில் பொருள் வேண்டாமா? குறளை விடுவோம், வரலாற்றுக்கு வருவோம். தஞ்சை நாட்டின் ஆட்சியைக் கம்பெனி 1799இல் எடுத்துக்கொண்ட பிறகு, இரண்டாம் சரபோஜி மன்னர் 1801இல் கம்பெனியின் ரெசிடெண்டுக்குச் சத்திரங்கள் குறித்து ஒரு கடிதம் எழுதினார். ராமேஸ்வர யாத்திரை வழியிலிருந்த சத்திரங்கள் எவ்வாறு நடந்தன என்பதை அதில் விவரித்திருக்கிறார். சாதி வேறுபாடின்றி வழிப்போக்கர் அனைவருக்கும் உணவு. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் எவரேனும் உண்டா என்று கூவி அழைத்து அவர்களுக்கும் சோறு. கைக்குழந்தைகளுக்குப் பால். கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனிப்பு. வழியில் பிரசவமானால் அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் பராமரிப்பு.

சத்திரம் தருமம், காட்டேஜ் வியாபாரம். இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். இலவசச் சோற்றை நாம் கேட்கவில்லை. பயணத்தில் வருகிறவர்களுள் குழந்தையும் தாயும் இருப்பார்கள், அவர்களுடைய பசிக்கும் தூக்கத்துக்கும் நேரம் குறித்துக் கட்டளையிட முடியாது என்ற எளிய அறிவு, காசு வாங்காத சத்திரத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதைத்தான் சுட்டுகிறோம். அவ்வளவு பழங்காலத்துக்கும் போகவேண்டியதில்லை. 2015இல் தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அவற்றின் பராமரிப்பு பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். எனினும் பேருந்துக்குக் காத்திருக்கும் தாய்க்கு ஓர் அறை தேவை என்பதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 13,000 ரூபாய் முன்பணமாகவே செலுத்திய தாய்க்கு வேனின் பின்னிருக்கைதான் கிடைத்தது.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. முன்பதிவின்போது சொன்ன நேரம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தவேண்டும். தவிர்க்கமுடியாமல் மாற்றினால், முழுப் பணத்தையும் திரும்பப் பெறும் உரிமையோ, குறைந்த மணி நேரத்துக்கு ஏற்ற வாடகைக் குறைப்போ விருந்தினருக்கு வேண்டும். அறை ஆயத்தமாகாத வேளையில் வந்து சேரும் குடும்பங்களுக்கு ஒரு பொது அறை, அதில் ஒரு பாய், ஒரு கழிவறை, வெந்நீர். சுத்தம் செய்யும் வரிசையில் கைக்குழந்தையுள்ள குடும்பத்தின் அறை முதலில் வரட்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஒரு நாள் வாடகை என்றால் எத்தனை மணி நேரம் என்பதை விலைக்கு அருகிலேயே எண்ணால் எழுதட்டும்.

நம் பக்கத்துக் குறையும் ஒன்றுண்டு. நாங்கள் அன்று மூன்று மணிக்கு அறைக்குள் நுழைந்தவுடன், களைப்பில் எல்லாவற்றையும் மறந்து, சாவியை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னோம். மூன்றாம் நாள் பத்து மணிக்குப் பெட்டிகளோடு வாசலில் நின்றோம். இரவுதான் எங்களுக்கு ரயில். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. ஊர் திரும்பிய பிறகுதான் நுகர்வோர் என்ற உணர்வு வந்தது. அடுத்தமுறை முன்பணம் செலுத்துமுன் உள்ளே வரும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்வோம். மாற்றினால் வாசலிலேயே நின்று கணக்குக் கேட்போம். நண்பர்களும் அவ்வாறே செய்யவேண்டும் என்று வேண்டுகிறோம். பத்துக் குடும்பங்கள் கேட்டால் அந்தச் சங்கடக் குரல் மேலாளருக்கும் தம் முதலாளியிடம் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும்.